குளிர்காலத்துல மட்டும் தொலையுற கவரு

...கார்டோட வெல ஒண்ணரை டாலரு, அதை அனுப்புற செலவு அஞ்சு டாலரு. இது எந்த ஊரு நியாயம்னு நீங்களே சொல்லுங்கம்மா. உள்ள இருக்கிறது ஒரு அட்டை. அதுல ஒரு ஹாக்கி ஆட்டக்காரன் படம். முன்பல்லு ரெண்டு இல்லாம சிரிச்சுக்கிட்டிருப்பான், அவ்வளவுதான். எடை எவ்வளவு இருக்கும்? ஒரு பிஸ்கட்டு இருக்குமா? அதைப் பொட்டியில வச்சு, நம்பர் போட்டு, ஏதோ பியானோ அனுப்புற மாதிரி அனுப்பணும்னா எவன் வாங்குவான்? சரி, சாதாக் கவர்ல ஸ்டாம்பு ஒட்டிப் போடலாம்னா, வரலைங்கிறான். ஓஹையோவுல ஒருத்தன் வரலைங்கிறான். விஸ்கான்சின்ல ஒருத்தன் வரலைங்கிறான். வந்துச்சா வரலையான்னு நான் எங்க போயிப் பாக்குறது? காசைத் திருப்பிக் குடு, வேற வழி? கார்டும் போச்சு, காசும் போச்சு, போறவன் சும்மா போறானா... என் கடைக்கு ஒத்த நட்சத்திரம் குடுத்துட்டுப் போறான்.

என்ன, போஸ்டாபீஸ் வரிசை நகருதா? நீங்க போங்க, முன்னாடி போங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. பொட்டி வேற கனமா இருக்கு பாருங்க... இந்த ஊரு ஏரியில வெளையுற காட்டரிசியா? வாசனையிலேயே தெரிஞ்சிருச்சு. டெக்சாஸுக்கா? அம்மாவுக்கா... அப்ப நீங்க அந்தப் பக்கமா. அதான் பாத்தேன், ஜனவரியில இந்த மெல்லிசுக் கோட்டைப் போட்டுக்கிட்டு மினசோட்டாவுல யாரு வெளிய வந்திருக்கிறதுன்னு. இங்க கோட்டு ரொம்ப முக்கியம்மா. கோட்டைப் பத்தி அப்புறம் சொல்றேன். சொல்லாம இருந்தா எனக்கு நல்லது. ஆனா சொல்லித்தான் தீரணும்.

சத்தமாப் பேசுறேனா? மன்னிச்சுக்குங்க. முப்பத்தோரு வருஷம் இந்த ஊரு ஹாக்கி மைதானத்துல ஐஸை வழிச்சு மொழுகுற வண்டி ஓட்டினவன் நான். ஆர்விட்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. அந்த இன்ஜின் சத்தத்துல காது பாதி போயிருச்சு. என் பொண்டாட்டி மார்லிஸ் சொல்லுவா, நான் ரகசியம் பேசினா ஏரிக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டிருக்கிறவன் பதில் சொல்லுவான்னு. மெதுவாவே பேசுறேன். ஏன்னா, அங்க ஸ்டாம்பு குடுக்கிற ஜன்னல்ல உக்காந்திருக்கா பாருங்க, நரைச்ச முடி, நீல ஸ்வெட்டரு... ஐயோ, திரும்பிப் பாக்காதீங்க. அவதான் வெர்னா. இதெல்லாம் அவ காதுல விழக் கூடாது.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், கவரு. ரிட்டயர் ஆனதும் வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். மார்லிஸுக்கு அது பிடிக்கல. கீழ் அறையில சின்ன வயசுல இருந்து நான் சேத்து வச்ச கார்டு பதினேழு பொட்டி இருந்துச்சு. ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நீங்க வெளிய போகணும்னா. சரின்னு கம்ப்யூட்டர்ல ஒரு கடை போட்டேன். கடைன்னா என்ன, நானும் ஒரு தராசும் ஒரு கத்தரிக்கோலும். ஆனா வியாபாரம் நடந்துச்சும்மா! வாரத்துக்கு முப்பது கவரு, நாப்பது கவரு. தொலைஞ்சுதுங்கிற புகாரு மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம்... இந்நேரம் என்ன, இதே வரிசையிலதான் நின்னுக்கிட்டிருப்பேன்.

அப்பத்தான் நான் போராட்டத்துல எறங்கினேன். சிரிக்காதீங்க. சின்னக் கவருக்கும் நம்பர் குடு, ஏழை யாவாரிக்குக் கட்டுப்படியாகுற விலையில குடுன்னு மேல இருக்கிறவங்க எல்லாருக்கும் எழுதினேன். நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து வாங்கினேன். நான் வாங்கினேன்னு சொல்றேன் பாருங்க... நான் வாங்கினது அறுபது. மிச்சம் பூராவும் வெர்னா வாங்கினது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துல மேசை மேசையாப் போயி, சாப்பிடுறவன் கையில இருந்து முள்கரண்டியப் பிடுங்கிட்டுப் பேனாவைக் குடுப்பா. எங்க ரோட்டுக்குத் தபால் கொண்டு வர்றது அவதான், இருபத்தாறு வருஷமா. அவ கேட்டா எவன் இல்லைன்னு சொல்லுவான்?

வந்துருச்சும்மா. எங்க கையெழுத்தாலதான் வந்துச்சுன்னு ஊர்ல நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தானா வந்துச்சோ என்னமோ. மெல்லிசுக் கவருக்கும் நம்பரு, ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல. வீட்டுலயே அச்சடிச்சு ஒட்டிக்கலாம். கவரு மெஷினுக்குள்ள போறப்ப மெஷின் அந்த நம்பரைப் படிச்சுக்கும். எந்த ஊருல படிச்சுதுன்னு நமக்குத் தெரிஞ்சுரும். அன்னைக்கு மார்லிஸ் கேக் செஞ்சா. வெர்னாவும் வந்து ரெண்டு துண்டு சாப்பிட்டா. அதுக்கப்புறம் எனக்கு வேற வேலையே இல்ல. காலையில காப்பி குடிக்கிறப்ப கம்ப்யூட்டர்ல பாப்பேன், கவரு சிகாகோவுல இருக்கு. மத்தியானம் சூப்பு குடிக்கிறப்ப பாப்பேன், இன்னமும் சிகாகோவுலதான் இருக்கு. என் மகன் சியாட்டில்ல இருக்கான், அவன் எங்க போறான் வர்றான்னு நான் ஒரு நாள் இப்படிப் பாத்ததில்ல.

நீங்க போங்கம்மா, அவரு முடிச்சுட்டாரு போல... இல்ல, இன்னொரு பொட்டி வச்சிருக்காரு. நல்லதாப் போச்சு.

அப்புறம் என்னாச்சு, சில நம்பரு முழிக்கவே இல்ல. 'சீட்டு அச்சடிக்கப்பட்டது, கவர் எதிர்பார்க்கப்படுகிறது.' மறுநாளும் அதே. பத்து நாளும் அதே. அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. நல்லாக் கேளுங்க, எவ்வளவு புத்திசாலி நான்னு தெரியும். வாங்கினவன் திருடல, ஏன்னா கவரு அவன் ஊருக்கே போகல. மெஷின் தொலைக்கல, ஏன்னா மெஷின் அதைப் பாக்கவே இல்ல. அப்ப என் வீட்டுக்கும் மெஷினுக்கும் நடுவுல யாரு இருக்கா? ரோட்டு முனையில என் தபால் பொட்டி. பொட்டியில கவரை வச்சு செவப்புக் கொடியத் தூக்கி விடுவேன். கொடியப் பாத்து வண்டிய நிறுத்தி எடுத்துக்கிட்டுப் போறது யாரு? வெர்னா. நடுவுல நான்னு ஒருத்தன் இருக்கேங்கிறது எனக்குத் தோணவே இல்லம்மா. சத்தியமாத் தோணல.

மொதல்ல அவகிட்டயே கேட்டேன். கொடி தூக்கியிருந்தா பொட்டியில இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போறேன் ஆர்விட், வீட்டுல நல்லாத் தேடிப் பாத்தியான்னா. வீட்டுல தேடுறதா? என்னையா? எனக்கு ரோசம் வந்துருச்சு. போயி ஒரு கிராஃப் போட்டேன். ஆமா, கிராஃபு! ரெண்டு வருஷத்துல எந்த மாசம் எத்தனை கவரு தொலைஞ்சுதுன்னு கலர் பென்சில் எடுத்துப் போட்டேன். பாத்தா, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் தொலையுது. மே மாசம் வந்தா ஒண்ணு கூடத் தொலையல. கோடையில ஏரிக்கரை வீட்டுக்கெல்லாம் ஆளு வந்துரும், அதனால எங்க ரோட்டுக்கு வேற ஒருத்தர் தபால் கொண்டு வருவாரு. குளிர்காலத்துல வெர்னா மட்டுந்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கிராஃபை மடிச்சு வச்சுப் புகாரு அனுப்பிட்டேன். நம்பர் போட்டுத்தான் அனுப்பினேன். அது மட்டும் ஒழுங்காப் போயிச் சேந்துருச்சு.

டுலூத்துப் பெரிய ஆபீஸ்ல இருந்து தபால் அதிகாரிங்க ரெண்டு பேரு வந்தாங்க. என் கிராஃபைப் பாத்துட்டு ரொம்பத் தெளிவா இருக்குன்னு ஒருத்தன் பாராட்டினான். நான் வேற அவனுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். அதுக்கப்புறம் போயி வெர்னாவோட வண்டிய சோதனை போட்டாங்க. சீட்டுக்கு அடியில, பைக்குள்ள, அவ மத்தியானச் சாப்பாட்டு டப்பாக்குள்ள. நடுத் தெருவுல நின்னு... எல்லாரும் பாத்தாங்க. அவளை ரோட்டு வேலையில இருந்து எடுத்து இந்த ஜன்னல்ல உக்கார வச்சுட்டாங்க. மூணு வாரமாச்சு. எங்க போஸ்ட் மாஸ்டர், பாவம், முதுகு வலியோட அவ ரோட்டுக்கு இவரே தபால் கொண்டு போறாரு. இல்லைன்னா நான் கொண்டாந்திருக்கிற கடுதாசிய அவருகிட்டக் குடுத்துட்டு ஓடியிருப்பேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு டுலூத்துல அவளுக்கு விசாரணை. வேலை போனாலும் போயிரும்.

நானும் அவளும் ஒரே கர்லிங் டீமும்மா. தெரியாதா உங்களுக்கு? ஐஸ் மேல கனத்த கல்லைத் தள்ளி விடுவாங்க, ரெண்டு பேரு அதுக்கு முன்னாடி தொடப்பத்தால ஐஸைத் தேச்சுக்கிட்டே ஓடுவாங்க. கேக்குறதுக்குக் கிறுக்குத்தனமா இருக்கும், ஆடிப் பாத்தா அதை விடக் கிறுக்குத்தனம். அவதான் எங்களுக்குத் தலைவி. அந்தக் கோடியில நின்னு தேய்னு கத்துவா. எனக்கு இந்த ஊர்ல தெளிவாக் கேக்குற ஒரே குரலு அதுதான். பதினெட்டு வருஷம் அந்தக் குரலுக்கு ஓடியிருக்கேன். மூணு சனிக்கிழமையா அவ வரல. யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நம்ம ஊர்ல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களே. 'இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, இல்ல?'ன்னுட்டு வேற மேசைக்குப் போயிருவாங்க.

சரி, கோட்டுக்கு வர்றேன்.

எனக்குக் கொஞ்ச நாளா முதுகுல ஒரு சத்தம். உக்காந்தா மொறுக்குன்னும். எந்திரிச்சா மொறுக்குன்னும். கார்ல ஏறினா ரெண்டு மொறுக்கு. அறுபத்தேழு வயசாச்சு, எலும்பு தேஞ்சு போச்சு, அவ்வளவுதான் நம்ம கதைன்னு நெனச்சேன். மார்லிஸ்கிட்டச் சொல்லல. உயிலை மட்டும் எடுத்து ஒரு தடவை படிச்சு வச்சேன். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டாக்டரு, சின்னப் பொண்ணு. உக்காந்து காட்டச் சொன்னா. உக்காந்தேன், மொறுக்குன்னுச்சு. எழுந்து காட்டச் சொன்னா. மொறுக்கு. கோட்டைக் கழட்டுங்கன்னா. கழட்டி நாற்காலி மேல போட்டேன். அது விழுந்த வேகத்துல அதுவே மொறுக்குன்னுச்சும்மா. டாக்டரு என்னையும் பாத்தா, கோட்டையும் பாத்தா. 'நோயாளி நாற்காலியில கெடக்கு, நீங்க எதுக்குக் கட்டில்ல ஏறுறீங்க'ன்னு கேட்டா.

கோட்டுப் பையில ஒரு ஓட்டை. ரெண்டு வருஷமா இருக்கு. குடுங்க தச்சுத் தர்றேன்னு மார்லிஸ் எத்தனை தடவை கேட்டிருப்பா! தையலு எதுக்குடி, என்கிட்ட வெள்ளி டேப்பு இருக்குன்னு சொல்லி ஒட்டினேன். எங்க ஊர்ல கார் பம்பருல இருந்து படகு வரைக்கும் வெள்ளி டேப்பாலதான் நிக்குது, பையி நிக்காதா? குளிருல டேப்பு விட்டுப் போச்சு. கையுறை போட்ட கைக்கு அது எங்க தெரியும்? மெல்லிசுக் கவரு, வழவழன்னு கவரு, நான் எழுதி எழுதிக் கேட்ட கவரு... பத்து கவரைப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டு ரோட்டு முனைக்கு நடப்பேன். ஒண்ணு ரெண்டு ஓட்டை வழியா நழுவி, பஞ்சுக்கும் துணிக்கும் நடுவுல எறங்கி, முதுகுப் பக்கம் போயிப் படுத்துக்கும். மிச்சத்தைப் பொட்டியில வைப்பேன், கொடியத் தூக்குவேன், பெரிய யாவாரி மாதிரி திரும்பி வருவேன். மே மாசம் கோட்டைக் கழட்டி மாட்டிருவேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தொலையாது. என் கிராஃபு சரியாத்தான்ம்மா சொல்லிச்சு. வெர்னா வர்ற மாசத்தை அது காட்டல. நான் கோட்டுப் போடுற மாசத்தைக் காட்டிச்சு.

டாக்டரு கத்தரிக்கோலால கொஞ்சம் பிரிச்சு விட்டா. பதினாலு கவரு. ஒண்ணொண்ணா எடுத்து மேசையில வச்சா, எனக்குக் குழந்தை பொறக்குற மாதிரி. ஓஹையோக்காரன் இருக்கான். விஸ்கான்சின்காரனும் இருக்கான், உங்க மாநிலத்துல எல்லாருமே இப்படித்தானான்னு நான் எழுதிக் கேட்டேனே, அவன். இந்த வருஷம் கோட்டு நல்லா கதகதன்னு இருக்கேன்னு வேற நெனச்சுக்கிட்டிருந்தேன். இருக்காதா பின்ன! பதினாலு பேரு சொத்தை முதுகுல கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். திருட்டுச் சொத்து ஊர்ல இருந்துச்சுதான். நான் போட்டுக்கிட்டுத்தான் புகாரே குடுக்கப் போனேன்.

மார்லிஸ் திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. கோட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. 'வெர்னா உங்க அம்மா சாவுக்கு மூணு நாள் நம்ம அடுப்படியில நின்னா'ன்னு மட்டும் சொல்லிட்டு அந்தாண்ட போயிட்டா. திட்டியிருக்கலாம்மா. திட்டியிருந்தா நான் எதுத்துப் பேசியிருப்பேன்.

காலையில டுலூத்துக்குப் போன் பண்ணினேன். புகாரு தப்பு, கவரு என்கிட்டதான் இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்ட கடுதாசி இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஜன்னல்ல குடுக்கணுமாம். குடுத்தா விசாரணை கிடையாது. எழுதிட்டேன். பன்னெண்டு மணியில இருந்து இங்கதான் நிக்கிறேன். எத்தனை பேரை முன்னாடி விட்டேன்னு எனக்கே தெரியல. ரெண்டு பேரு ரெண்டாந் தடவை வந்துட்டுப் போயிட்டாங்க. இருக்கிறது ஒத்த ஜன்னலு. அதுல அவ முகம்...

ஆங், உங்க முறை வந்துருச்சு. போங்க, போங்க. தராசுல வைங்க. நான் இங்க இருந்தே சொல்றேன்... அதாவது என் பயம் என்னன்னா, அவ கத்தினாப் பரவாயில்ல. மூணு வாரமா என்னைப் பாக்குறப்ப எல்லாம் 'அடுத்து யாரு'ன்னு மட்டுந்தான் சொல்றா. யாரோ எவனோ மாதிரி. அந்த ஆர்விட்னு கூப்பிடுறது போச்சு. அது உங்களுக்குப் புரியுதாம்மா? நீங்க ஒரு உபகாரம் பண்ணலாம். நான் இந்தக் கடுதாசியத் தர்றேன், நீங்களே உங்க பொட்டியோட சேத்துக் குடுத்துட்டா... நான் வெளிய கார்ல... ம்மா? ரசீது வாங்கியாச்சா? ம்மா... அட, கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்களே. பேரு கூடக் கேக்கல நான்.

எனக்குப் பின்னாடி யாராவது... யாரும் இல்லையா.

ஆங்... வந்துட்டேன், வந்துட்டேன். வெர்னா. எப்பிடி இருக்க? இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, இல்ல? நான் வந்து... ஒரு கடுதாசி குடுக்கணும். என்ன? ...என்ன சொன்ன? மொதல்ல இருந்தே கேட்டுக்கிட்டிருந்தியா? மொறுக்கு கூடக் கேட்டுச்சா? ...இப்பப் போன டெக்சாஸ் அம்மா உன்கிட்டக் கேட்டாங்களா, இவரு எப்பவும் இப்படித்தானான்னு? நீ என்ன சொன்ன?

சரி. சொல்லாத.

கடுதாசி இருக்கு. இதோ, பையிலதான் வச்சேன். வலது பையி. இல்ல... எடது பையி. காலையில இதே கையால... இரு, வெர்னா, இரு, ஜன்னலை மூடிராத. கண்டிப்பா எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். மார்லிஸ் பாத்தா... மார்லிஸ் பாத்தா...

வெர்னா, கத்தரிக்கோலு இருக்கா?

முதுகுப் பக்கம். கொஞ்சம் கீழ. நேத்து டாக்டரு பிரிச்ச எடத்துக்குப் பக்கத்துல. மார்லிஸ் அதைத் தச்சுட்டா, பையைத் தைக்கல. பையைத் தச்சுக் குடுன்னு நீங்களா வந்து கேளுங்கன்னு சொன்னா, நான் கேக்கல. பாத்து வெட்டு, உள்ள நான் இருக்கேன்... ஆங், அதுதான். வெள்ளைக் கவரு. படி, நின்னுக்கிட்டே படி. என் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். 'என் மடத்தனத்தால'ன்னு ரெண்டு எடத்துல வந்திருக்கும். மார்லிஸ் மூணு எடத்துல போடச் சொன்னா.

படிச்சுட்டியா வெர்னா? தப்பு பண்ணிட்டேன். ரொம்பப் பெரிய தப்பு. வெக்கமா இருக்கு எனக்கு. வண்டிய சோதனை போட்டப்ப நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்...

என்ன? டுலூத்துக்கு நம்பர் போட்டு அனுப்பவா, சாதாவாப் போதுமான்னா கேக்குற?

நம்பரு வேணாம் வெர்னா. உன் கையில குடுத்தாச்சில்ல. போயிச் சேந்துரும்.

...ஏய், என்ன பண்ற? ஸ்டேப்ளரு எதுக்கு? ஏய்! அடேயப்பா, ரெண்டு பையையும் சேத்து அடிச்சுட்டியே. மேலயும் அடிக்கிறியா, அடி. வெளிய இருபது டிகிரி மைனஸ்ல கெடக்கு, இனிமே நான் கையை எங்கதான் வச்சுக்கிறது?

தொடப்பத்துலயா?

...சனிக்கிழமை எத்தனை மணிக்கு, வெர்னா?